ஓஃப் பண்ணியும் விடாத ரிலே: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள்ல நாலஞ்சு வேற வேற ஊர்ல இருந்து வந்தாலும் அடிப்படையில ஒரே விஷயம்தான், சுவிட்ச் ஓஃப் ஆனதுக்குப் பிறகும் கொஞ்சமாக் கரண்ட் ஓடுறது. அதனால எல்லாத்தையும் சேர்த்தே போடுறன். முதல் கேள்விக்குப் பதில் நீளம், ஆனா மில், ஐஸ் பெக்டரி, பம்ப் ஹவுஸ் எண்டு வேலை பாக்கிற ஆக்கள் அதை முழுசா வாசிங்க.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் சேர். ஒரு அரிசி மில்லுல மெயின்டனன்ஸ் பாக்கிறன். பனல்ல இருக்கிற பிஎல்சிக்கு (மெஷின்களை ஓட்டி நிப்பாட்டுற சின்னக் கொம்பியூட்டர்) அவுட்புட் கார்ட் 230 வோல்ட் ஏசி, ட்ரயக் டைப், அதாவது தகடு இல்லாத எலக்ட்ரோனிக் சுவிட்ச். முதல்ல அதுல இருந்து நேராவே ஒரு கொன்டக்டருக்கு (கொயில் காந்தமாகி இழுத்து மோட்டருக்குக் கரண்ட் குடுக்கிற சுவிட்ச், ரிலே அதுட சின்ன வடிவம்) போய் நெல் எலிவேட்டர் மோட்டர் ஓடினது, ஒரு கரைச்சலும் இல்ல. இப்ப மோட்டர் பெருசு, கொன்டக்டரும் பெருசு, அதனால இடையில 230 வோல்ட் கொயில் உள்ள சின்ன பிளக்-இன் ரிலே ஒண்டு போட்டம். அதுக்குப் பிறகு ஸ்டொப் அடிச்சா கார்ட்ல லைட் அணையுது, ரிலே விடுதில்ல, எலிவேட்டர் ஓடிட்டே இருக்கு, பிரேக்கரை விழுத்தினாத்தான் நிக்குது. வேற ரிலே போட்டுப் பாத்தும் அதே கதை. கடையில கேட்டா கார்ட் போயிட்டு, புதுசு வாங்குங்க எண்டு சொல்றாங்க. வாங்கவா?
— ஒரு வாசகர், சம்மாந்துறை

பதில்: வஅலைக்கும் ஸலாம் தம்பி. கார்ட் வாங்காதீங்க, அது பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். ஆனா இந்தப் பதிலை வாசிச்சு முடிக்கிறதுக்கு முன்ன ஒரு வேலை இருக்கு, இது சரியாகும் வரைக்கும் அந்த எலிவேட்டரை ஓட விடாதீங்க. ஸ்டொப் அடிச்சா நிக்காத மெஷின் அது. அடைச்ச நெல்லைக் கிண்டி எடுக்க ஆரோ ஒரு பொடியன் அடிப்பெட்டிக்குள்ள கை விடுவான், பெல்ட் நிண்டுட்டு எண்டு நினைச்சு.

சரி, என்ன நடக்குது எண்டு பாப்பம். ரிலே கார்ட்ல ஓஃப் எண்டா உள்ளுக்கு ரெண்டு தகடு பிரிஞ்சு நிக்கும், நடுவுல காத்து, கரண்ட் போக வழியே இல்ல. ட்ரயக் கார்ட்ல அப்பிடிப் பிரியிற சாமான் ஒண்டும் இல்ல, ஒரு சிலிக்கன் துண்டுதான் கதவு. வாய்க்கால்ல துருசை இறக்கினாலும் பலகைக்குக் கீழால கொஞ்சம் தண்ணி கசிஞ்சிட்டே இருக்குமே, அந்த மாதிரி. இதுல முக்கியமான விஷயம், அந்தக் கசிவுல பெரும்பங்கு சிலிக்கன் துண்டுக்குள்ளால வாறதில்ல. ட்ரயக்குக்குக் குறுக்கால, கார்ட் செய்தவங்களே வேணுமெண்டு போட்ட ஒரு கப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் இருக்கு, ஸ்னப்பர் எண்டு சொல்றது, அதுக்குள்ளாலதான் வருது. அதை ஏன் போட்டாங்க எண்டா, கொயில் மாதிரி லோடை ஓஃப் பண்ணுற நேரம் ட்ரயக்குக்குக் குறுக்கால வோல்டேஜ் சட்டெண்டு ஏறும், அந்த வேகத்திலயே ட்ரயக் தானாத் திரும்ப ஒன் ஆகிரும், அதைத் தடுக்கத்தான் இந்தக் கப்பாசிட்டர். அதைக் கழட்டி எறிஞ்சா கசிவு போயிரும், ஆனா கொன்டக்டர் நினைச்ச நேரத்துக்கு அடிக்கத் தொடங்கும், அதனால கார்டைத் திறந்து அதை வெட்டுற யோசனை வேண்டாம்.

எவ்வளவு கசியுது எண்டு நாமளே கணக்குப் பாக்கலாம். நம்மட நாட்டு சப்ளை 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஸ்னப்பர் கப்பாசிட்டர் 0.022 மைக்ரோஃபரட் எண்டு வைங்க, 50 ஹேர்ட்ஸ்ல அது கிட்டத்தட்ட 145 கிலோஓம் தடை, 230ஐ அதால பிரிச்சா 1.6 மில்லியம்பியர். 0.047 போட்டிருந்தா 3.4 வரைக்கும் போகும். கார்ட்டோட வாற டேட்டாஷீட்ல ஓஃப் ஸ்டேட் லீக்கேஜ் கரண்ட் எண்டு ஒரு வரி இருக்கும், அதுல இதைத்தான் போட்டிருப்பாங்க. ஆகவே இது பழுது இல்ல, புதுக் கார்ட் வாங்கிப் போட்டாலும் இதே கசிவு வரும், காசுதான் போகும்.

அப்ப பழைய கொன்டக்டர் ஏன் ஒழுங்கா விட்டது? அதுட கொயில் சும்மா 8 விஏ எண்டு எடுத்தாலும் 35 மில்லியம்பியர் குடிக்கும், கொயில்ட மொத்தத் தடை ஆறரை கிலோஓம் வரும், 1.6 மில்லியம்பியர் அதுக்குள்ளால போனா கொயில்ல நிக்கிறது பத்துப் பதினொரு வோல்ட்தான், அதால ஒரு கொன்டக்டரைப் பிடிச்சு வைக்க ஏலாது. சின்ன ரிலேயோ 5 மில்லியம்பியர்லயே வேலை செய்யிற சாமான், கொயில் 46 கிலோஓம் அளவு. இங்கதான் கன பேர் பிழை விடுறது, 1.6ஐ 46ஆல பெருக்கி 74 வோல்ட் எண்டு நிப்பாட்டிருவாங்க. கப்பாசிட்டரும் கொயிலும் தொடரா வரேக்க ஒண்டுட தடையை மத்தது கொஞ்சம் தின்னும், அதனால கரண்ட் இன்னும் கூடி 2.2க்குக் கிட்டப் போகும், கொயில்ல 100 வோல்ட் அளவு நிக்கும். ஏசி ரிலேக்கு வோல்டேஜ் 30 வீதத்துக்கு இறங்கினா கட்டாயம் விடும் எண்டு பொதுவா உத்தரவாதம் குடுப்பாங்க, 230ல 30 வீதம் 69 வோல்ட். உங்கட கொயில்ல நிக்கிறது அதுக்கு மேல. 100 வோல்ட்ல அது புதுசா இழுக்காது, ஆனா ஏற்கனவே இழுத்து நிக்கிற ரிலேயைப் பிடிச்சு வைக்க அது காணும். பிரேக்கரை விழுத்திப் போட்டாத் திரும்ப இழுக்காமச் சும்மா இருக்குமே, அதுக்கும் காரணம் இதுதான்.

இனி என்ன செய்யிறது? என்னைக் கேட்டா முதல் வழி, கழட்டி வச்ச அந்தப் பழைய கொன்டக்டரையே எடுத்து ரிலேக்குப் பதிலா இடையில போடுங்க. செலவில்ல, சூடில்ல, கணக்குப் பாக்கவும் தேவையில்ல.

அது ஏலாட்டி ரிலே கொயிலுக்குச் சமாந்தரமா ஒரு ரெசிஸ்டர். 22 கிலோஓம் போட்டா கொயில்ல மிஞ்சுறது 28 வோல்ட் அளவு, 15 போட்டா 21 அளவு, ரெண்டும் காணும். ஆனா ஒன்ல நிக்கிற நேரம் முழு 230 வோல்ட்டும் அந்த ரெசிஸ்டர்ல விழும் எண்டதை மறந்துடாதீங்க, 22 கிலோஓம்ல 2.4 வோட் சூடு, 15ல 3.5 வோட். ரேடியோக் கடையில கிடைக்கிற கால் வோட் சாமானைப் போட்டா மூடின பனலுக்குள்ள கருகிப் போகும், அதோட திரும்ப ரிலே விடாம நிக்கும், அதுதான் கெட்ட வேலை. 22க்கு ஆகக் குறைஞ்சது 5 வோட், 15க்கு 10 வோட், வெள்ளைச் சீமெந்துக் கட்டி மாதிரி வருமே அந்த வயர்வூண்ட் ரெசிஸ்டர், வயர் இன்சுலேசன்ல முட்டாம, காத்துப் படுற இடத்துல பூட்டுங்க.

சூடு வேண்டாம் எண்டா ரெசிஸ்டருக்குப் பதில் கப்பாசிட்டர் போடலாம், 275 வோல்ட் ஏசி எண்டு அடிச்ச எக்ஸ்2 டைப், அதோட தொடரா 100 ஓம், 2 வோட். கடையில 0.1 மைக்ரோஃபரட்தான் எடுத்துத் தருவாங்க, இந்த ரிலேக்கு அது காணாது. கப்பாசிட்டர் குடிக்கிறதுல மூண்டுல ரெண்டு பங்கு அளவை கொயில் எதிர்ப்பக்கமாக் கழிச்சு விட்டுரும், கொயில்ல இன்னும் 77 வோல்ட் அளவு நிக்கும். 0.47 போடுங்க, 12 வோல்ட்டுக்கு இறங்கும். அதுல இன்னொரு நன்மையும் கிடைக்கும், ட்ரயக் ஒன்ல நிண்டு பிடிக்கிறதுக்கும் ஒரு குறைஞ்ச கரண்ட் வேணும், வெறும் 5 மில்லியம்பியர் ரிலே கன கார்டுகளுக்குக் காணாது, கப்பாசிட்டர் இழுக்கிற முப்பத்திச் சொச்சம் மில்லியம்பியர் அந்தக் குறையையும் தீர்க்கும்.

கடைசியா ஒரு விஷயம், இது எனக்கு மத்த எல்லாத்தையும் விட முக்கியம். உங்கட ஸ்டொப் பட்டன் பிஎல்சிக்கு மட்டும்தான் போகுது எண்டு விளங்குது. சாதாரண ஸ்டொப்புக்கு அது பரவால்ல, சிவப்புக் காளான் தலை எமர்ஜன்சி ஸ்டொப்புக்கு அது கூடவே கூடாது. அதுட கொன்டக்ட் நேரா பெரிய கொன்டக்டர்ட கொயில் லைன்ல தொடரா நிக்கணும், பட்டனை அடிச்சா வயரே பிரியணும். ட்ரயக் உண்மையாவே ஒரு நாள் எரியும், எரிஞ்சா அது பெரும்பாலும் ஷோர்ட் ஆகித்தான் நிக்கும், அப்ப பிஎல்சி என்ன சொன்னாலும் கேக்காது. முதலாளிட்டச் சொல்லி அந்த வயரிங்கை இந்தப் பெரும்போக நெல் வாறதுக்கு முன்ன செய்விங்க.

கேள்வி: தம்பி, எங்கட வீட்ட எல்ஈடி பல்ப் சுவிட்சை ஓஃப் பண்ணினாலும் ராவைக்கு மங்கலா எரியுது. மாத்திப் பாத்தும் அப்பிடித்தான். பேரப்பிள்ளைகள் பேய் எண்டு சொல்லிப் பயப்படுறாங்க. இது ஆபத்தா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லடி

பதில்: டீச்சர், பிள்ளைகளுக்குச் சொல்லுங்க, மேல சம்மாந்துறைத் தம்பிட ரிலேயைப் பிடிச்சு வைக்கிற அதே சாமான்தான் இது, கசிவுக் கரண்ட். பழைய இழை பல்புக்கு இந்தக் கரண்ட் ஒரு பொருட்டே இல்ல, எல்ஈடிக்கு ஒரு மில்லியம்பியருக்கும் குறைவாக் கிடைச்சாலும் கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம் வந்துரும்.

உங்கட சுவிட்ச்ல இருட்டுல தெரியிறதுக்கு ஒரு குட்டிச் சிவப்பு லைட் இருக்குதா எண்டு முதல்ல பாருங்க. இருந்தா அந்த லைட்டுக்குள்ளால போற கரண்ட் பல்புக்குள்ளாலதான் திரும்பி வரணும், அதுதான் மங்கல் வெளிச்சம். ஆபத்தில்ல, லைட் இல்லாத சுவிட்ச் ஒண்டை மாத்திட்டா முடிஞ்சுது. மாடிப்படிக்குப் போடுற மாதிரி ரெண்டு இடத்துல சுவிட்ச் வச்சு, வயர் நீளத்துக்குப் பக்கத்துல பக்கத்துல ஓடினாலும் இப்பிடி வரும்.

மூண்டாவது காரணம்தான் நான் கவலைப்படுறது. சுவிட்சை லைன்ல போடாம நியூட்ரல்ல போட்டிருந்தாலும் பல்ப் மங்கலா எரியும், அப்பிடி எண்டா சுவிட்ச் ஓஃப்ல இருக்கேக்கயும் ஹோல்டர்ல முழு 230 வோல்ட் நிக்குது. பல்பு மாத்த மேசையில ஏறுற ஆளுக்கு அது உயிர் ஆபத்து. பழைய வீடுகள்ல, துண்டு துண்டாக் கூட்டிக் கட்டின வீடுகள்ல இதைக் காணலாம். தெரிஞ்ச வயர்மன் ஒராளைக் கூப்பிட்டு சுவிட்சுக்கு வாறது லைனா நியூட்ரலா எண்டு பாக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் அந்த ரூம்ல பல்பு மாத்துறதெண்டா மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணிட்டு மாத்துங்க டீச்சர்.

கேள்வி: சேர், நான் தண்ணிப் போத்தல் நிரப்புற இடமொண்டுல வேலை. போத்தல் எண்ணுறதுக்கு 24 வோல்ட் டிசி ரெண்டு வயர் ப்ரொக்ஸிமிட்டி சென்சர் இருக்கு, மூடியைப் பாத்து எண்ணும். பழைய பிஎல்சியோட நல்லா இருந்தது. புது பிஎல்சி போட்ட பிறகு மூடி இல்லாத நேரமும் இன்புட் லைட் எரிஞ்சே நிக்குது, சில நேரம் துடிக்குது, எண்ணிக்கை எல்லாம் பிழை. சென்சர் மாத்தினன், வயர் மாத்தினன், ஒண்டும் சரிவரல்ல.
— ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, மாத்த வேண்டியதை மாத்திப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்கிறீங்க, நல்லது, அதனால நேரா விஷயத்துக்கு வாறன். ரெண்டு வயர் சென்சருக்கு உயிர் வாழ்றதுக்குத் தனி வயர் கிடையாது, தனக்குத் தேவையான கரண்டையும் அது உங்கட இன்புட்டுக்குள்ளாலதான் எடுக்கணும். அதனால ஓஃப்லயும் கொஞ்சம் ஓடும், கூடினது 1.5 மில்லியம்பியர் எண்டு வைப்பம்.

பழைய இன்புட் 24 வோல்ட்ல 7 மில்லியம்பியர் குடிக்கிற சாமானா இருந்திருக்கும், தடை 3.4 கிலோஓம், 1.5 மில்லியம்பியருக்கு அதுல 5 வோல்ட் நிக்கும், அதை ஓஃப் எண்டு எடுத்திருக்கும். புதுசுகள் சூட்டைக் குறைக்கிறதுக்காக 2.5 மில்லியம்பியர் அளவுலதான் வேலை செய்யும், தடை பத்து கிலோஓம் கிட்ட, அதே 1.5 அதுல 14 வோல்ட்டைத் தாண்டி நிக்கும். பிஎல்சிகளுக்கான சர்வதேச தரம் ஐஈசி 61131-2ல டைப் 1 இன்புட்டுக்கு 15 வோல்ட்டும் அதுக்கு மேலயும் ஒன், 5 வோல்ட்டும் அதுக்குக் கீழயும் ஓஃப், நடுவுல உள்ளதுக்கு ஒரு பொறுப்பும் இல்ல. உங்கட இன்புட் அந்த நடுவுல கிடந்து துடிக்குது.

இன்புட்டுக்கும் கொமனுக்கும் குறுக்கால 3.3 கிலோஓம், அரை வோட் ரெசிஸ்டர் ஒண்டு போடுங்க. ஓஃப்ல 4 வோல்ட்டுக்குக் கீழ வந்துரும், ஒன்ல ரெசிஸ்டர் குடிக்கிறது 7 மில்லியம்பியர்தான், சூடு கால் வோட்டுக்கும் குறைவு. இந்த வகை சென்சர்களுக்கு ஒன்ல 3ல இருந்து 5 மில்லியம்பியராவது ஓடணும், புது இன்புட் தனிய அதைக் குடுக்கேலாது, ரெசிஸ்டர் அந்தக் குறையையும் நிரப்பும்.

அடுத்த முறை பிஎல்சி வாங்கேக்க இன்புட் டைப் 3 எண்டு போட்டிருக்குதா பாருங்க, அது 1.5 மில்லியம்பியர் வரைக்கும் ஓஃப் எண்டுதான் எடுக்கணும். சென்சர் புதுசா வாங்கிறதெண்டா மூண்டு வயர் வாங்குங்க, விலையில பெரிய வித்தியாசம் இல்ல, இந்தக் கரைச்சலும் இல்ல. ரெண்டு வயர் சென்சர் ரெண்டைத் தொடராப் போட மட்டும் வேண்டாம், ஒண்டு 5 வோல்ட் தின்னும் எண்டு எடுத்தா ரெண்டும் சேர்ந்து பத்து, மிஞ்சுறது 14, ஒன் ஆகிறதுக்கே காணாது. சமாந்தரமாப் போட்டா கசிவு ரெண்டு மடங்கு.

கேள்வி: ட்ரெய்னிங் கிட்ல ட்ரயக் அவுட்புட்டை ஓஃப்ல வச்சு மல்டிமீட்டரால பாத்தன், 200 வோல்ட்டுக்கு மேல காட்டுது. சேர்மார் ஒராள் கார்ட் ஷோர்ட் எண்டுறார், இன்னொராள் இல்ல எண்டுறார். எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?
— மாணவர், ஒலுவில்

பதில்: லோட் இல்லாமப் பாத்திருக்கிறீங்க, அதுதான். டிஜிட்டல் மீட்டர்ட உள் தடை பெரும்பாலும் 10 மெகாஓம், ஸ்னப்பர்ட 145 கிலோஓம் அதுக்கு முன்னால ஒண்டுமே இல்ல, வோல்டேஜ் அப்பிடியே மீட்டருக்கு வந்துரும். கார்ட் நல்லா இருந்தாலும் 200க்கு மேலதான் காட்டும்.

அவுட்புட்டுக்கு லோடா 60 வோட் பழைய இழை பல்ப் ஒண்டு மாட்டுங்க. ஓஃப்ல பல்ப் இருட்டு, மீட்டர்ல ஒரு வோல்ட் கூட இல்ல எண்டா கார்ட் நல்லம், நீங்க கண்டது கசிவு. முழு வெளிச்சம் எண்டா ட்ரயக் ஷோர்ட். பாதி வெளிச்சத்தோட துடிச்சு எரிஞ்சா ட்ரயக் ஒரு பக்கத்துக்கு மட்டும் கடத்துது, அதுவும் கழிவுதான். எல்ஈடி பல்ப் போட்டுச் சோதிக்காதீங்க, ஏன் எண்டு டீச்சர்ட கேள்வியில இருக்கு.

கசிவை அளக்கணும் எண்டா மீட்டரை மில்லியம்பியர்ல வச்சுத் தொடராப் போட ஆசை வரும், அந்த நேரம் தவறுதலா அவுட்புட் ஒன் ஆனா மீட்டர் ஃபியூஸ் போகும். 10 கிலோஓம் 10 வோட் ரெசிஸ்டரை லோடாப் போட்டு அதுக்குக் குறுக்கால ஏசி வோல்டேஜைப் பாருங்க, 16 வோல்ட் எண்டா 1.6 மில்லியம்பியர், பத்தால பிரிச்சாப் போதும். பூட்டுறது கழட்டுறது எல்லாம் சப்ளையை ஓஃப் பண்ணிட்டு. பிஎல்சி லைட் அணைஞ்சிருக்குது எண்டதை நம்பி அந்த டெர்மினல்ல கை வைக்கக் கூடாது. 1.6 மில்லியம்பியர் தனிய ஆளைக் கொல்லாது, ஆனா சுள்ளெண்டு அடிக்கும், ஏணியில நிக்கிற ஆளை விழுத்தக் காணும், அதோட ப்ரோகிராம் எந்தச் செக்கனும் அவுட்புட்டை ஒன் பண்ணலாம்.

கேள்வி: கடலோரம் ஐஸ் பெக்டரி ஒண்டுக்குப் புதுசா கண்ட்ரோல் பனல் செய்யிறம். ரிலே அவுட்புட்டா, ட்ரான்சிஸ்டரா, ட்ரயக்கா?
— ஒரு வாசகர், வாழைச்சேனை

பதில்: கம்ப்ரஸர், பம்ப், ஃபேன் எண்டு மணித்தியாலத்துக்குச் சில தரம் மட்டும் ஒன் ஓஃப் ஆகிற சாமானுக்கு ரிலே அவுட்புட் எடுங்க. வேகமா அடிக்கிற வால்வு இருந்தா 24 வோல்ட் டிசி ட்ரான்சிஸ்டர், அதுலயும் கசிவு இருக்கு, ஆனா பொதுவா 0.1 மில்லியம்பியரைத் தாண்டாது, சூடு ஏற ஏறக் கொஞ்சம் கூடும், 24 வோல்ட் ரிலேக்கு அதெல்லாம் ஒண்டுமில்ல. ட்ரயக்கை உங்களுக்கு நான் சொல்ல மாட்டன், சொலிட் ஸ்டேட் ரிலேயும் ஏசிக்கு எண்டா உள்ளுக்கு அதே கதைதான்.

உங்கட இடத்துல இன்னொரு கசிவும் வரும். உப்புக் காத்தும் ஈரமும் தூசியும் சேர்ந்து போர்டு மேல, டெர்மினலுக்கு டெர்மினல் ஒரு படலமாப் படிஞ்சா அதுக்குள்ளாலயும் கரண்ட் ஓடும், அதுக்கு டேட்டாஷீட்ல கணக்கில்ல, மழைக்குக் கூடும், வெயிலுக்குக் குறையும். தூசியும் தண்ணித் தெறிப்பும் உள்ளுக்குப் போகாத ஐபி 65 பெட்டி, கேபிள் எல்லாம் அடியால, ஒவ்வொண்டுக்கும் ஓட்டையை இறுக்கி அடைக்கிற கிளாண்ட், உள்ளுக்கு ஈரம் கட்டாம இருக்கச் சின்ன ஹீட்டர் ஒண்டு, இதையெல்லாம் இப்பவே விலைக்கணக்குல சேருங்க.